கொட்டிக்கிழங்கும் கோதுமை மாவும்: திருகோணமலைப் பிரதேசத்தில் உணவு தேடலும் தமிழ் இலக்கிய நோக்கும்

1

தமிழிலக்கிய ஆய்வில் உழவுக்கு என்றுமே உயர்வான இடமுண்டு. திருக்குறள் உழவுக்கெனத் தனியதிகாரம் வகுத்தது. ஏரெழுபது உழவுக் கருவிகளையும் உழவுத் தொழில்களையும் ஒவ்வொன்றாகப் பாடிற்று. பள்ளுப் பிரபந்தங்கள் நெல்வகைகளையும் மாட்டு வகைகளையும் வரிசைப்படுத்தின. நாட்டார் பாடல்களைத் தொகுத்தோரும் ஏர்ப்பாட்டுக்கும் அரிவிவெட்டுப் பாட்டுக்கும் பொலிப்பாட்டுக்கும் பெரிதும் இடமளித்தனர். ஆயின், உழவுக்கு முன்னரும் உழவுக்குப் புறத்தேயும் மனிதர் உணவு தேடிய முறைகள் இத்தகைய கவனத்தைப் பெறவில்லை. கீரை பறித்தல், கிழங்கு அகழ்தல், மட்டி பொறுக்குதல், காட்டுப்பழம் கொய்தல், வளவின் மூலையிலே நாலு கத்தரியும் ஒரு பூசணிக்கொடியும் வைத்துப் பேணுதல் ஆகியன உழைப்பின் வடிவங்கள் என்ற நோக்கு நமது விமர்சனத்திற் போதியளவு வேரூன்றவில்லை.

இவை இலக்கியத்தில் வரும்போதெல்லாம் விமர்சகர் இரு வழிகளில் ஒன்றிலேயே அவற்றை விளக்கி வந்துள்ளனர். ஒன்று, அவற்றை வறுமையின் சின்னமாகக் கொண்டு இரங்குவது. மற்றையது, அவற்றை இயற்கையின் கொடையாகக் கொண்டு வியப்பது. முதலாவதிற் பறிப்பவள் பரிதாபத்துக்குரியவளாகின்றாள். இரண்டாவதிற் பறிப்பவளே காணாமற் போய்விடுகின்றாள், காடும் குளமும் தாமாகவே ஊட்டுவனபோலத் தோன்றுகின்றன. முரண்பட்டவைபோற் காணப்படும் இவ்விரு நோக்குகளும் ஒரு விடயத்தில் ஒன்றுபடுகின்றன. நிலம் யாருடையது, நீர் யாருடையது, அங்கே செலவிடப்படும் உழைப்பின் பயன் இறுதியில் யாரைச் சேருகின்றது ஆகிய வினாக்களை இரண்டுமே எழுப்புவதில்லை.

இவ்வினாக்களைத் திருகோணமலைத் துறைமுகப் பிரதேசத்தை முன்னிறுத்தி எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பிரதேசம் தெரிந்தெடுக்கப்பட்டதற்குக் காரணமுண்டு. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இங்குள்ளது. அதன் கரையிலே இலங்கையில் விளையாத கோதுமையை அரைக்கும் பேராலை நிற்கின்றது. அதே குடாவைச் சூழக் கந்தளாய்க் குளமும், தம்பலகாமத்து வயல்வெளிகளும், கொட்டியாரக் குடாவின் சதுப்புகளும், மூதூர், ஈச்சிலம்பற்றுக் காடுகளும் உள்ளன. உலகச் சந்தையும் குளத்துக் கிழங்கும் இவ்வளவு அருகருகே இருக்கும் இடங்கள் நமது நாட்டில் அதிகமில்லை. ஆகவே, இவ்விரண்டினதும் உறவு இங்கு தெளிவாகப் புலப்படுதல் கூடும்.

2

முதலிற் பழைய இலக்கியச் சான்றுகளை நோக்குவோம். புறநானூற்றின் 109ஆம் பாட்டிலே கபிலர், பறம்பு மலையை முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கி, உழவர் உழாதனவாகிய நான்கு பயன்கள் அம்மலையில் உள எனக் கூறுகின்றார். மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன் என்பனவே அவை. இப்பாட்டைப் பாரியின் நாட்டு வளத்துக்குச் சான்றாகக் காட்டுவது மரபு. ஆனால், இது வளம் பற்றிய வருணனை மட்டுமன்று. முற்றுகை என்பது உணவுப் பாதையை அடைப்பது. கபிலரின் வாதமோ, அடைப்பதற்குப் பாதையே இல்லை என்பதாகும். மருதநிலத்து நெல்லின்மேல் எழுந்த வேந்தர் அதிகாரம், நெல்லை நம்பியிராத குறிஞ்சி மக்கள்முன் செயலிழந்து நிற்கின்றது. திணைக் கோட்பாட்டைச் சமமற்ற சமூக வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கண்டு 1974இல் கா. சிவத்தம்பி எழுதிய கட்டுரையின் வெளிச்சத்தில் இப்பாட்டைப் படிப்போமாயின், உழாத உணவு என்பது ஓர் அரசியற் பலம் என்பது புலனாகும். அப்பலம் அழிக்கப்பட்ட பின்னரே வேந்தராட்சி முழுமை பெற்றது.

இதற்கு எதிர்முனையில் சிறுபாணாற்றுப்படையின் அடுக்களைக் காட்சி உள்ளது. நல்லூர் நத்தத்தனார் காட்டும் அவ்வீட்டில், குப்பையில் முளைத்த வேளைக் கீரையை இல்லக்கிழத்தி நகத்தாற் கிள்ளி எடுத்து உப்பின்றி வேகவைக்கின்றாள். அறியாதார் கண்டால் இகழ்வர் என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கின்றாள். புறநானூறு 159இல் பெருஞ்சித்திரனார் குமணனுக்குக் காட்டும் தம் மனைவியும் அவ்வாறே குப்பைக்கீரையின் இளந்தளிரைப் பறித்து உப்பும் மோருமின்றி அவித்து உண்பவளாவாள்.

உரையாசிரியரும் பிற்கால ஆய்வாளரும் இக்காட்சிகளில் வறுமையின் உருக்கத்தைக் கண்டனர். அது தவறன்று. ஆனால், இங்கு மேலும் இரு விடயங்கள் உள. முதலாவது, பறித்த இடத்திலேயே அக்கீரை மீண்டும் தழைக்கின்றது என்னும் நுணுக்கமான அவதானம். எக்கீரை மீளத் தழைக்கும், எப்பருவத்தில் அதன் தளிர் மென்மையாயிருக்கும், எதை வேகவைத்து நீரை வடிக்க வேண்டும் என்பது அறிவு. அவ்வறிவின் உரிமையாளர் பெண்கள். இரண்டாவது, கதவை அடைக்கும் செயல். கபிலரின் பாட்டில் உழாத உணவு பெருமிதத்துக்குரியது. நத்தத்தனாரின் பாட்டிலோ அது நாணத்துக்குரியதாகிவிட்டது. மாறியது உண்ணப்படும் பொருளன்று, சமூக உறவேயாகும். நெல்லுடையோர் மேலோராகிய ஒரு சமூகத்திற் கீரை இழிவின் அடையாளமாகின்றது. அந்தக் கதவு இன்றுவரை முழுமையாகத் திறக்கப்படவில்லை எனலாம்.

3

திருகோணமலையின் குளங்களை அறிந்தவர்க்கு மூதுரையின் ஒரு வெண்பா புதிய பொருள் தரும். நீர் வற்றியதும் பறந்துபோகும் பறவைகள் உறவினரல்லர் என்றும், வற்றிய குளத்தோடு ஒட்டிக் கிடக்கும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலுமே உண்மை உறவினருக்கு ஒப்பாவன என்றும் ஒளவையார் பெயரில் வழங்கும் அந்நூல் கூறுகின்றது. தலைமுறை தலைமுறையாகப் பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ் செய்த வெண்பா இது. ஆசிரியரும் மாணவரும் இதை நட்பொழுக்கம் பற்றிய அறவுரையாகவே கொண்டுள்ளனர்.

ஆனால், குறிப்பாக இம்மூன்று நீர்த்தாவரங்களும் ஏன் தெரிந்தெடுக்கப்பட்டன? மூன்றினதும் கிழங்கு சேற்றினுள்ளே தங்குகின்றது. மூன்றினதும் கிழங்கை மனிதர் உண்பர். ஆம்பலின் விதை அரிசிபோற் சமைக்கப்படுவது. புறநானூறு 248இல் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் கைம்பெண், இளமையில் தனக்குத் தழையாடையாய் உதவிய வெள்ளாம்பல், கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் உணவாய் உதவுகின்றது என்று நினைவு கூர்வதும் ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. நீர் வற்றிய காலமே நெல் இல்லாத காலம். அக்காலத்திலே குளத்துள் இறங்கிச் சேற்றைக் கிளறியவர்களுக்குப் பறவை போய்விட்டது என்பதும் கிழங்கு போகவில்லை என்பதும் கைப்பட்ட அனுபவங்கள். அறவுரையாகிய உவமை, உணவு தேடியோரின் அவதானத்தின்மேல் எழுப்பப்பட்டது என்று கருத இடமுண்டு. அறநூல் மரபு அவ்வனுபவத்திலிருந்து உவமையை எடுத்துக்கொண்டு, அதைத் தேடியெடுத்த கையை மறந்துவிட்டது. உழைப்போரின் அறிவு உயர்ந்தோர் இலக்கியத்துட் புகும்போது உழைப்பு நீங்கி அழகும் அறமும் மட்டும் எஞ்சுவதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

திருகோணமலைப் பிரதேசத்தின் பருவவோட்டம் இவ்வறிவைத் தவிர்க்க முடியாததாக்கியது. ஐப்பசி தொடக்கம் தை வரை வடகீழ்ப் பருவமழை பெய்கின்றது. அதனையடுத்துச் சாறணையும் பொன்னாங்காணியும் வல்லாரையும் முசுட்டையும் தூதுவளையும் முடக்கொத்தானும் வேலியோரத்திலும் வரம்பிலும் கைக்கெட்டுகின்றன. பின்னர் நீண்ட வரட்சி. அப்பொழுது பாலைப்பழமும் வீரைப்பழமும் நாவலும் விளாவும் காட்டிலிருந்து வருவன. வளவிலே கத்தரியும் வெண்டியும் பயிற்றையும் புடோலும் காய்க்க வேண்டுமாயின், கிணற்றிலிருந்து நீர் அள்ளி ஊற்ற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் பெண்ணே. ஆகவே, தோட்டமும் காடும் குளமும் கடலும் ஆண்டு முழுவதற்குமான ஒரே உணவு ஒழுங்கின் பகுதிகளாக இயங்கின. இவ்வொழுங்கின் மிகப் பழைய கூறுகளைத் தம் வாழ்விற் பேணியோர், மூதூர்த் தெற்கிலிருந்து வாகரை வரை வாழும் தமிழ் பேசும் கரையோர வேடர்களாவர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இவர்களைத் தனியே ஆராய்ந்தனர். மானிடவியலாளர் கண்ட இம்மக்களை நமது இலக்கிய ஆய்வாளர் இன்னும் உரியவாறு காணவில்லை.

4

பிரதேசத்தின் எழுத்திலக்கியம் இவ்வுணவு ஒழுங்கை எவ்வாறு பதிவு செய்தது? கவிராச வரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு இங்கு முக்கியமானது. குளக்கோட்டன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணிகளையும், கோயிலுக்கு யார் எத்தொண்டு செய்யவேண்டும், எதைக் கொடுக்கவேண்டும் என்ற ஏற்பாடுகளையும் அந்நூல் கூறுகின்றது. நிலம், நீர், நெல், தொழும்பு என்பன அதிற் கோயிலை நோக்கிய கடமைகளாகவே தோற்றமளிக்கின்றன. கொடுத்தவர் தம் வீட்டில் எதை உண்டனர் என்பது அந்நூலின் அக்கறைக்குள் வரவில்லை. வரவேண்டுமென எதிர்பார்ப்பதும் பொருந்தாது. நிலமானிய அமைப்பின் ஆவணம் வரவைப் பதியும், வயிற்றைப் பதியாது.

இதனோடு முற்றிலும் வேறுபட்ட ஒரு நூலை ஒப்பிடுவது பயன்தரும். 1660இல் கொட்டியாரக் குடாவிற் கண்டி அரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்ட றொபேட் நொக்ஸ், ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திற் கழித்துத் தப்பிச் சென்று, 1681இல் தமது நூலை இலண்டனில் வெளியிட்டார். அவர் வருணிப்பது கொட்டியாரத்தையன்று, மலைநாட்டு உட்பகுதியையே. எனினும், பலாக்காய் எவ்வாறு ஏழைகளுக்குச் சோற்றுக்கு ஈடாயிற்று என்பதையும், தாழிப்பனையின் உட்சோற்றிலிருந்து மா எடுக்கப்பட்டதையும் அவர் கவனமாக எழுதினார். ஆட்சியாளர் சார்ந்த நூல் கொடுக்கப்பட்டதை எழுதிற்று. கைதி உண்ணப்பட்டதை எழுதினான். நொக்ஸுக்கு இம்மக்கள்மேல் இருந்த பற்று இதற்குக் காரணமன்று. தானே உணவு தேடவேண்டிய நிலையிலிருந்தமையே காரணம். இலக்கியத்திற் பார்வை என்பது பார்ப்பவர் உற்பத்தியில் எங்கு நிற்கின்றார் என்பதாற் பெரிதும் நிர்ணயிக்கப்படுகின்றது.

நொக்ஸின் காலத்துக்குப் பின்னர் நிகழ்ந்த பெரும் மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாதும் இருந்த நிலங்கள், மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று கொண்டது. 1897இன் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் அதனை மேலும் இறுக்கியது. எவருக்கும் தனியுரிமையின்றி ஊராரால் அனுபவிக்கப்பட்ட காடு, ஒரு பேனா வீச்சில் அரசின் சொத்தாயிற்று. தேன் எடுத்தவனும் சேனை வெட்டியவனும் பழம் பொறுக்கியவளும் அன்று முதல் அனுமதி வேண்டி நிற்பவராயினர். கடலும் இதற்கு விலக்காகவில்லை. தம்பலகாமக் குடாவில் வாழும் மெல்லிய தகட்டுச் சிப்பிகள் சிறு முத்துகளை ஈனுவன. அம்முத்துக் குளிப்பு பிரித்தானிய அரசாங்கத்தாற் குத்தகைக்கு விடப்பட்டது. 1859இல் வெளிவந்த தம் நூலில் எமர்சன் ரெனன்ற் இதைக் குறிப்பிடுகின்றார். ஊரார் கால் நனைத்த நீர் வருமான இனமாக மாறியது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய நிகழ்ச்சியன்று. 1842இல் இளம் மார்க்ஸ் ‘றைனிஷ் ஸைற்றுங்’ பத்திரிகையில், றைன் மாகாண சபையில் விவாதிக்கப்பட்ட விறகுத் திருட்டுச் சட்டம் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். விழுந்த சுள்ளிகளைப் பொறுக்குவதும் திருட்டெனக் கொள்ளப்பட்டது. ஏழைச் சிறுவர் காட்டில் நெல்லிபோன்ற சிறுகனிகளைப் பறிப்பதும் குற்றமாக்கப்படலாகாது என்று அச்சபையில் எழுந்த குரலையும் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். பொருளாதாரப் பிரச்சினைகளின்பால் தம்மை முதலில் ஈர்த்தவற்றுள் இவ்விவாதமும் ஒன்று எனப் பின்னாளில் அவரே எழுதினார். காட்டுப்பழம் கொய்யும் சிறுவனின் கை சொத்துறவின் கேள்வியாக இருப்பதை அவர் கண்டார். நமது விமர்சனம் அதே கையை இன்னும் இயற்கை வருணனைக்குள்ளே வைத்திருக்கின்றது.

5

நவீன இலக்கியத்தில் நிலைமை ஓரளவு வேறுபடுகின்றது. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினத்தின் ‘தோணி’ ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றது. சொந்தமாகத் தோணியொன்று வேண்டும் என்ற மீனவச் சிறுவனின் ஏக்கம் அதன் மையம். இக்கதையைப் பெரும்பாலும் குழந்தை மனத்தின் சித்திரிப்பாகவும் கொட்டியார மண்ணின் மணமாகவும் பாராட்டுவர். அப்பாராட்டு நியாயமானதே. ஆயினும், கதையின் வலு அதன் பொருளாதார உண்மையில் தங்கியுள்ளது. கடல் எல்லோருக்கும் பொது. தோணியோ பொதுவன்று. உற்பத்திச் சாதனம் இல்லாதவனுக்கு இயற்கையின் கொடை கண்முன்னே கிடந்தும் கைக்கெட்டாதது. சிறுவனின் ஏக்கம் இம்முரண்பாட்டின் உணர்வு வடிவமாகும். தோணியற்றவருக்கு எஞ்சுவது முழங்காலளவு நீரும் மட்டியும் நண்டுமே. அவற்றைத் தேடுவோரைப் பற்றிய பெருங்கதை இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வெளிவந்தது. அயலிலுள்ள முல்லைத்தீவுப் பகுதியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அந்நாவல், காட்டோடு இணைந்த வாழ்வை நெருங்கிய பரிச்சயத்தோடு சித்திரித்தது. வேட்டையும் காடும் அங்கு வெறும் பின்னணியல்ல, மாந்தரின் அன்றாடத் தொழில்கள். எனினும், இதனையொத்த ஆக்கங்களை ‘மண்வாசனை’ என்ற ஒரே சொல்லால் அளந்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அறுபதுகளில் தேசிய இலக்கியக் கோரிக்கையோடு வலுப்பெற்ற அச்சொல், பிரதேச வாழ்வை இலக்கியத்துட் கொணர்ந்த வகையில் முற்போக்கான பணி ஆற்றியது. இதை மறுத்தலாகாது. ஆனால், மண்ணின் மணத்தைப் பேசிய அளவுக்கு மண்ணின் உரிமையைப் பேசாதபோது அச்சொல் ஒரு திரையாகவும் மாறிவிடுகின்றது. காட்டுப்பழங்களின் பெயர்ப்பட்டியல் யதார்த்தமாகிவிடாது. அப்பழம் கொய்யும் காடு யார் கட்டுப்பாட்டிலுள்ளது என்ற கேள்வி பாத்திரங்களின் வாழ்வில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதைக் காட்டுவதே யதார்த்தம்.

6

இனித் துறைமுகத்தின் பக்கம் திரும்புவோம். 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டு ஏப்ரில் 9ஆம் நாள் திருகோணமலை மீது விமானத் தாக்குதல் நிகழ்ந்தது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா பரவலாயிற்று. அக்காலந்தொட்டுப் பாண் நகரத் தொழிலாளியின் உணவாக நிலைபெற்றது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகத்து 12ஆம் நாள் இடதுசாரிகளின் அழைப்பில் நாடளாவிய ஹர்த்தால் நிகழ்ந்தது. எழுபதுகளின் முற்பகுதியில் உலகச் சந்தையில் உணவு விலைகள் ஏறியவேளை, ஐக்கிய முன்னணி அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தி ‘உணவு உற்பத்திப் போர்’ ஒன்றைப் பிரகடனஞ் செய்தது. மரவள்ளியும் வற்றாளையும் மீண்டும் தட்டில் ஏறின. 1977க்குப் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. சிங்கப்பூர் நிறுவனமொன்றோடு செய்யப்பட்ட உடன்படிக்கையின்படி சீனக்குடாவில் எழுந்த பிறீமா மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. முன்னைய பங்கீட்டு முறையின் இடத்தை 1979இல் உணவு முத்திரை பிடித்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், உழைக்கும் மக்களின் உணவு எவ்வாறு உலகச் சந்தையின் ஏற்ற இறக்கங்களோடு இறுகப் பிணைக்கப்பட்டது என்பது விளங்கும்.

அப்பிணைப்பின் முழு விளைவு 2022இல் வெளிப்பட்டது. முன்னைய ஆண்டின் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்கிடையில் விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி தீர்ந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிருந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரச ஊழியர் பெரும்பாலோருக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை அங்கீகாரம் வழங்கியது. எரிபொருட் தட்டுப்பாடு ஒரு காரணம். வீட்டுத் தோட்டம் செய்தல் மற்றொரு காரணமாகக் கூறப்பட்டது.

இச்சுற்றுநிருபத்தையும் ஓர் உரைநூலாகக் கொண்டு வாசிக்க வேண்டியது விமர்சகனின் கடமை. அது யாரை நோக்கிப் பேசுகின்றது? வளவுடையவரை. கிணறுடையவரை. மாதச் சம்பளம் நின்றுவிடாதவரை. துறைமுக நகரின் நெருக்கமான குடியிருப்பில் ஓரறையில் வாழும் நாட்கூலி, வெள்ளிக்கிழமை எங்கே பயிரிடுவான்? வேலையற்ற நாள் அவனுக்கு விடுமுறையன்று, பட்டினி. மேலும், வீட்டிலே ஏற்கெனவே நீர் அள்ளிக்கொண்டிருந்த பெண்ணின் உழைப்பு அச்சுற்றுநிருபத்தின் கண்ணிற் படவில்லை. அவளுக்கு வாரத்தின் ஏழு நாட்களும் வெள்ளிக்கிழமையே.

ஏங்கெல்ஸ் 1887இல் ‘குடியிருப்புப் பிரச்சினை’ நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், சேர்மனியின் கிராமப்புறத் தொழிலாளரின் சிறு தோட்டங்களைப் பற்றிக் கூறிய கருத்து இங்கு பொருத்தமுடையது. தொழிலாளி தன் குடும்பத்தோடு தோட்டத்திலிருந்து பெறும் உருளைக்கிழங்கும் காய்கறியும் அவனுக்கு மேலதிக வருவாயாகத் தங்குவதில்லை. அந்த அளவுக்கு முதலாளி கூலியைக் குறைத்துவிட முடிகின்றது. முன்னைய காலத்தில் ஒப்பீட்டளவிலான நல்வாழ்வுக்கு அடிப்படையாயிருந்த தோட்டமே, முதலாளித்துவத்தின் கீழ்க் குறைகூலிக்கு அடிப்படையாகின்றது. நெருக்கடிக் காலத்தில் ‘உங்கள் உணவை நீங்களே விளைவியுங்கள்’ என்று அரசு கூறும்போதும் இதனையொத்த கணக்கே தொழிற்படுகின்றது. உழைப்புச் சக்தியை மீளுருவாக்கும் செலவு கூலியிலிருந்தும் பொதுச் செலவினத்திலிருந்தும் நழுவி, குடும்பத்தின்மேல், அதிலும் பெண்ணின்மேல் இறங்குகின்றது. பின்னர் அச்சுமைக்குத் தற்சார்பு என்ற அழகிய பெயர் சூட்டப்படுகின்றது. இயற்கையின் கொடை என்ற இலக்கியக் கருத்துநிலையும் தற்சார்பு என்ற அரசியற் கருத்துநிலையும் உடன்பிறந்தவை என்பதே நாம் இங்கு அழுத்த விரும்புவது.

7

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். அவ்வாறாயின் வீட்டுத்தோட்டமும் காட்டுணவும் பிற்போக்கானவையா? அவற்றைக் கைவிட்டு ஆலை மாவை நம்பியிருப்பதுதான் முற்போக்கா? அல்ல. இயந்திரப் பாங்கான மார்க்சியம் சிறு உற்பத்தி யாவற்றையும் வரலாற்றின் குப்பையென ஒதுக்கியதுண்டு. அந்நோக்கு உண்மையின் ஒரு பாதியை மட்டுமே கண்டது. தோட்டம் தன்னளவில் முற்போக்கோ பிற்போக்கோ அன்று. அது எந்த உற்பத்தி உறவுகளினுள் நிற்கின்றது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கும்.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் இறக்குமதி உணவும் எரிபொருளும் இழந்த கியூபாவில், ஹவானா முதலிய நகரங்களின் வெற்றுநிலங்கள் மக்களுக்குப் பயிரிடுவதற்கென இலவச அனுபோக உரிமையோடு வழங்கப்பட்டன. நகரத்துக் காய்கறித் தேவையின் கணிசமான பங்கை அத்தோட்டங்கள் நிறைவு செய்தன. அங்கும் இடர்ப்பாடுகள் இருந்தன, இன்றும் உணவு இறக்குமதி தீரவில்லை. ஆயினும், அங்கே நிலம் முதலில் வந்தது, அறைகூவல் பின்னர் வந்தது. நம்மிடம் அறைகூவல் மட்டுமே வந்தது.

நிலம் முதலில் என்பதன் பொருளைத் திருகோணமலை மாவட்டத்தில் சம்பூர் மக்களைவிட நன்கறிந்தவர் இலர். 2006இல் போரினால் இடம்பெயர்ந்த அம்மக்களின் ஊர், பின்னர் உயர்பாதுகாப்பு வலயமாகவும் அனல்மின் நிலையம், கைத்தொழில் வலயம் ஆகியவற்றுக்கான இடமாகவும் குறிக்கப்பட்டது. கிளிவெட்டி முதலிய இடங்களின் முகாம்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர்கள் தங்கியிருந்தனர். 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. நிவாரண அரிசியும் மாவும் பருப்பும் வயிற்றை ஓரளவு நிரப்பக்கூடும். ஆனால், எந்த மூலையில் முருங்கை நின்றது, எந்தக் குளத்தில் எப்போது கிழங்கு எடுக்கலாம், எந்தத் துறையில் மட்டி படியும் என்ற அறிவு இடத்தோடு கூடியது. ஒரு பிள்ளை முகாமிற் பிறந்து பத்து வயதாகும்போது, அத்தகைய அறிவின் கையளிப்பில் ஒரு தலைமுறை இடைவெளி விழுந்துவிடுகின்றது. நிலப்பறிப்பு என்பது மண்ணை மட்டும் பறிப்பதன்று. சொற்களையும் பறிக்கின்றது. மொழி பற்றி அக்கறைப்படும் நாம் இதனை மொழிப் பிரச்சினையாகவும் உணர்தல் வேண்டும்.

சங்ககால அடுக்களையின் அடைத்த கதவுக்கு இங்கு மீண்டும் வருகின்றோம். 2022இல் நகரத்து இதழ்களும் உணவகங்களும் காட்டுக்கீரைகளைச் சத்துணவெனப் புகழ்ந்த அதே காலத்தில், இல்லாமையால் அவற்றைப் பறித்தோர் அதை அயலார் அறியாமல் மறைக்கவே விரும்பினர். ஒரே கீரை ஒருவர் மேசையில் நாகரிகம், மற்றவர் சட்டியில் அவமானம். வருக்கப் பிரிவினை கீரையின் சுவையினுள்ளும் புகுந்து நிற்கின்றது. அந்த நாணத்தை எழுதிய நத்தத்தனார் அக்காலச் சமூகத்தின் உண்மையொன்றை எழுதினார். நமது காலத்தின் நாணத்தை அதே நேர்மையோடு எழுதும் படைப்பாளியை நாம் எதிர்பார்க்கின்றோம்.

8

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். உணவு தேடலும் வளவுப் பயிர்ச்செய்கையும் தமிழிலக்கியத்தில் தொடர்ந்து இடம்பெற்றுள்ளன. ஆனால், அவை உழைப்பாகவும் அறிவாகவும் அன்றி, வறுமையாகவோ வளமாகவோ வாசிக்கப்பட்டன. அவ்வாசிப்பு குற்றமற்ற ஒன்றன்று. பொதுநிலங்கள் முடிக்குரியனவாக்கப்பட்ட வரலாற்றையும், பெண்ணின் கூலியற்ற உழைப்பையும், மக்களின் உணவு துறைமுகத்தின் இறக்குமதிக் கணக்கோடு பிணைக்கப்பட்டதையும் மறைப்பதற்கு அது துணைபோயிற்று. இன்று அரசு தற்சார்பைப் போதிக்கும்போது, அதனை ஏற்றுப் பாராட்டுவதற்கான மனப்பாங்கை நமது இலக்கியக் கல்வியும் ஓரளவு தயாரித்து வைத்திருந்தது என்பதை மறுத்தல் அரிது.

எனவே, பல்கலைக்கழகத் தமிழாய்வு செய்யவேண்டிய பணிகள் தெளிவானவை. மூதூரிலும் தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வெருகலிலும் வாழும் தமிழ், முஸ்லிம், வேடர் சமூகத்து முதிய பெண்களிடமிருந்து தாவரப் பெயர்களையும் அவற்றைச் சார்ந்த செயல் முறைகளையும் தொகுத்தல் ஒன்று. அப்பெயர்களைச் சொற்பட்டியலாக அன்றி, எந்நிலத்தில் எவ்வுரிமையோடு எடுக்கப்பட்டவை என்ற குறிப்போடு பதிதல் மற்றொன்று. பழைய பாடல்களுக்கு உரை கூறுவோர், உவமைக்குப் பின்னாலுள்ள கையைத் தேடுதல் மூன்றாவது. இவை நிலவுரிமைக்கான போராட்டத்தின் இடத்தைப் பிடித்துவிடமாட்டா. ஆனால், காட்டுக்கும் குளத்துக்கும் கரைக்கும் உரிமை கோருவோர் தம் கோரிக்கைக்கு வரலாற்று ஆதாரம் தேடும்போது, இலக்கியம் அவர்கள் பக்கத்திற் சாட்சி சொல்லக்கூடியதாயிருத்தல் வேண்டும்.

சீனக்குடா ஆலைக்குக் கோதுமை கப்பலில் வருகின்றது. கப்பல் வாராத நாள்களும் உண்டு என்பதை 1942உம் 2022உம் காட்டின. வற்றிய குளத்தின் சேற்றிலே கொட்டியும் ஆம்பலும் அப்போதும் கிடக்கும். அவற்றை எடுக்கத் தெரிந்தவர் இருப்பரா, எடுக்கும் உரிமை அவருக்கு இருக்குமா என்பதே கேள்வி.